பழைய வத்தல் கிட்டங்கியை வீடும் தையல் கூடமுமாக மாற்றலாமா, இடித்துவிடுவதா?

தையற்கூடம்:

வணக்கம். விருதுநகர் பஜாரை ஒட்டிய தெருவில் என் கணவர் வீட்டாருக்கு ஒரு பழைய கிட்டங்கி இருக்கிறது. தாத்தா காலத்தில் மிளகாய் வத்தலும் மல்லியும் மூட்டை மூட்டையாக அடுக்கிய இடம். பிறகு கொஞ்ச காலம் ஒரு உரக்கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள், அவர் காலி செய்த பிறகு பூட்டியேதான் கிடக்கிறது. போன வருஷம் பாகம் பிரித்தபோது எங்கள் பங்குக்கு வந்தது. நான் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன், ஆறு மெஷின், ஒரு ஓவர்லாக், நாலு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். இப்போது வீட்டுக்கு ஒரு வாடகை, கூடத்துக்கு ஒரு வாடகை என்று போகிறது. கீழே கூடம், மாடியில் வீடு என்று அங்கேயே போய்விடலாம் என்பது எங்கள் எண்ணம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மாமியார்.

இடம் 18 அடி அகலம், 75 அடி நீளம். முன்பக்கம் 40 அடிக்கு மாடியோடு கூடிய பழைய கட்டடம். அதற்குப் பின்னால் 20 அடிக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகை. கடைசி 15 அடி வெட்டவெளி, அதில் ஒரு கிணறு, அதையும் தாண்டினால் சந்து. இரண்டு பக்கமும் அடுத்தவர் கடைகள், சுவர் பொதுச்சுவர். கீழ்த்தள உயரம் 14 அடி. தரை கடப்பாக் கல். மாடித் தளமும் மொட்டை மாடியும் இரும்புக் கர்டரின் மேல் தேக்குக் கட்டை போட்டு, அதன்மேல் செங்கல் பதித்தது.

பிரச்சினை என்னவென்றால், மொட்டை மாடியில் பின்பக்கச் சுவரை ஒட்டிய கட்டைகள் சில கறுத்துப்போய் இருக்கின்றன, மழைக்கு அங்கே ஒழுகுகிறது. கீழே சுவரில் நாலடி உயரத்துக்கு யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், அது பொரிந்து பொரிந்து உதிர்கிறது. தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு எங்கள் தரை ஒன்றரை அடி பள்ளமாகிவிட்டது. பார்க்க வந்த இன்ஜினியர் எல்லாவற்றையும் இடித்துவிட்டு ஆர்.சி.சி. போடுங்கள் என்றார். எங்கள் ஊர் வயதான கொத்தனார் ஒருவர் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்த மரம் இனிமேல் கிடைக்காது, இடிக்காதே தாயி என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் இடிக்க மனசு வரவில்லை, ஆனால் பிள்ளைகளை அந்தக் கூரைக்குக் கீழே படுக்க வைக்கப் பயமாகவும் இருக்கிறது. இப்படி மாற்றிக் குடியிருப்பவர்கள், வேலை செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள், எதிலிருந்து ஆரம்பிப்பது?

சுண்ணாம்புக்காரன்:

இடிக்காதீர்கள் அம்மா. காரைக்குடி, மதுரைப் பக்கம் பழைய கட்டடங்களைச் சரிசெய்கிற வேலையில்தான் இருக்கிறேன், நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் கட்டடத்துக்கு வந்திருக்கிற நோவு இரண்டுமே தண்ணீரால் வந்தவை. தண்ணீர் வரும் வழியை அடைத்தால் மீதியைச் சரிசெய்துவிடலாம்.

உங்கள் கூரை மெட்ராஸ் டெரஸ். கட்டைகளுக்கு மேல் மெல்லிய தளச்செங்கல்லைக் குத்துக்கல்லாக, கோணலாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதற்கு மேல் சுமார் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. இது ஏதோ நாட்டு வைத்தியம் என்று உங்கள் இன்ஜினியர் நினைத்தால், ஐ.எஸ். 2119 என்று இதற்கு இந்தியத் தரக் குறிப்பே இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆர்.சி.சி. தளத்தைவிட வெயில் காலத்தில் உள்ளே எவ்வளவு குளுமை என்பதை உங்கள் ஊர் சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் நின்று பார்த்தால் தெரியும்.

இந்தக் கூரை எங்கே கெடும் என்றால், கட்டையின் நடுவில் கெடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான் கெடும். சுவரில் ஈரம் இறங்கினால் அந்த ஒரு அடி மட்டும் மக்கிப்போகும், கரையான் ஏறுவதும் அங்கேதான். மீதிக் கட்டை இரும்பு மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொரு கட்டையையும் சுவரோரம் சின்னச் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் அங்கே ஒரு ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள், அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது என்று அர்த்தம். சாக்பீஸில் அடையாளம் போட்டுக்கொண்டே வாருங்கள். கறுத்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பழைய தேக்கு கறுத்தும் நன்றாக இருக்கும்.

முனை போன கட்டைகளுக்காகக் கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, கட்டையின் இரு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து நல்ல மரம் வரைக்கும் போல்ட் போட்டு முடுக்கி, அந்தச் சேனலைச் சுவரில் உட்கார வைக்கலாம். வரிசையாக நிறையக் கட்டைகள் போயிருந்தால் சுவரை ஒட்டி ஒரு அடி தள்ளி ஒரு ஐ பீமைக் குறுக்கே கொடுத்து எல்லா முனைகளையும் அதன் மேல் தாங்க வைப்பது இன்னும் நல்லது. எதைச் செய்தாலும் மரத்தின் முனையைச் சிமெண்ட் வைத்துச் சுற்றி இறுக்காதீர்கள். அடியில் ஒரு கல் துண்டு வைத்து, சுற்றிலும் கொஞ்சம் காற்று போக இடம் விட வேண்டும். அப்புறம் கர்டர்கள். துரு லேசாக மேலே படிந்திருந்தால் சுரண்டி பெயிண்ட் அடித்துவிடலாம், ஏடு ஏடாக உரிந்தால் எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்று அளந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்ட வேண்டும்.

ஒழுகலுக்கு ஒரு தப்பான வைத்தியம் ஊர் முழுக்க நடக்கிறது. தட்டோட்டுக்கு மேலேயே இரண்டு அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போட்டு மூடிவிடுவார்கள். அது சதுர அடிக்கு 11 கிலோ ஆகும். உங்கள் மாடி 40க்கு 18, அதாவது 720 சதுர அடி, எட்டு டன் பாரத்தைக் கொண்டுபோய் அந்தக் கட்டைகளின் தலையில் வைத்த மாதிரி. அதோடு சிமெண்ட்டில் கீறல் விட்டு உள்ளே இறங்கிய தண்ணீர் திரும்ப வெளியே போகவும் வழியில்லாமல் காரைக்குள்ளேயே தங்கி மரத்தைத் தின்னும். தட்டோட்டைப் பெயர்த்து, காரை கெட்ட இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதே சுண்ணாம்புக் காரை போட்டு, வாட்டம் சரிசெய்து, திரும்பத் தட்டோடு பதியுங்கள். முக்கியமாக பின்பக்கத் தண்ணீர்க் குழாய் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்த 720 சதுர அடியில் ஒரு அங்குலம் மழை பெய்தால் சுமார் 1,700 லிட்டர் தண்ணீர் வரும். அது முழுக்கப் பின்சுவரிலேயே வழிந்துகொண்டிருந்தால் எந்த மரம்தான் தாங்கும்? குழாய் வைத்துக் கிணற்றுக்குக் கொண்டுபோய்விடுங்கள், கிணற்றுக்கும் நல்லது.

சுவர் விஷயம். நாலடிக்குச் சிமெண்ட் பூசியது யாரோ தெரியவில்லை, நல்ல எண்ணத்தில்தான் பூசியிருப்பார்கள், ஆனால் சுண்ணாம்பில் கட்டிய சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைச் சுவரின் முகத்தில்தான் காற்றுக்கு விடும். அதைச் சிமெண்ட்டால் மூடினால் ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளும். உங்களுக்கு இன்னொரு சங்கடம், அங்கே உரம் அடுக்கியிருக்கிறார்கள். உர உப்பு சுவருக்குள் போயிருந்தால் அது காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுக்கும், அதனால் வெயில் காலத்தில்கூட அந்த இடம் நசநசவென்று இருக்கும். சிமெண்ட்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கலைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, தற்காலிகமாக மலிவான சுண்ணாம்புப் பூச்சு ஒன்று பூசி விட்டுவிடுங்கள். உப்பு அந்தப் பூச்சுக்குள் வரும், சில மாதம் கழித்து அதைக் கொத்தி வெளியே கொட்டிவிட வேண்டும். உரம் அடுக்கிய பக்கத்துக்கு இரண்டு முறைகூடத் தேவைப்படலாம். அதற்குப் பிறகுதான் நல்ல பூச்சு. புட்டி, பிளாஸ்டிக் பெயிண்ட் எதுவும் வேண்டாம், வெள்ளைச் சுண்ணாம்பு போதும்.

சைட் இன்ஜினியர்:

மேடம், நான் கட்டுமானத் துறையில் இருப்பவன், அண்ணாச்சி சொன்னதில் பெரும்பாலானதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அவர் தொடாத இரண்டு விஷயம் இருக்கிறது, அவை உங்கள் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், மாடி பாரம் தாங்குமா என்கிற பயம். மூட்டை அடுக்கிய தளத்துக்கு ஒரு குடும்பம் கட்டில் பீரோவோடு இருப்பது பெரிய பாரமே இல்லை. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்க வேண்டும் என்று கணக்கு வைக்கிறோம், கிட்டங்கிக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கும் மேல். முனைகளும் கர்டரும் சரியாக இருந்தால் அந்தத் தளத்தில் தாராளமாகக் குடியிருக்கலாம். ஆனால் கட்டைத் தளத்தின் மேல் பாத்ரூம் கட்டாதீர்கள், சமையலறைத் தொட்டியும் வேண்டாம். தினமும் தண்ணீர் புழங்கும் இடத்தில் டைல்ஸ் இடுக்கு ஒருநாள் விடும், கீழே மரம் மக்குவது சீலிங் போட்டுவிட்டால் கண்ணுக்கே தெரியாது. 1,000 லிட்டர் தண்ணீர் டேங்க்கையும் கட்டைக்கு நடுவில் வைக்கக்கூடாது, அது ஒரு டன்.

உங்களுக்குப் பின்னால் 35 அடி இருப்பது பெரிய வரம். அந்த ஷீட் கொட்டகையை எடுத்துவிடுங்கள். பழைய கட்டடத்தை ஒட்டி 8 அடியைத் திறந்த முற்றமாக விட்டுவிட்டு, அதற்கு அப்பால் 12 அடிக்குப் புதிதாக ஆர்.சி.சி. தூண் போட்டு ஒரு சின்ன கட்டடம், கீழே வேலை செய்கிற பெண்களுக்குக் கழிப்பறையும் சாப்பிட ஒரு இடமும், மேலே உங்கள் சமையலறை, குளியலறை. டேங்க் அதன் தலையில். மாடியிலிருந்து மாடிக்கு ஒரு நடைபாலம். கிணறு இருக்கும் 15 அடி அப்படியே கிடக்கட்டும். இப்படிச் செய்தால் தண்ணீர் புழக்கம் முழுக்கப் புதுக் கட்டடத்தில், மரம் முழுக்கப் பழைய கட்டடத்தில். இன்னொரு லாபம் வெளிச்சம். இரு பக்கமும் பொதுச்சுவர் என்றால் ஜன்னலே வைக்க முடியாது, 40 அடி நீளத்துக்கு முன்வாசல் வெளிச்சம் மட்டும் போதாது, தையல் வேலைக்குப் பகலிலும் டியூப் லைட் எரிய வேண்டியிருக்கும். முற்றம் இருந்தால் பின்னாலிருந்து வெளிச்சமும் வரும், முன்னும் பின்னும் காற்றும் ஓடும். ஒன்று மட்டும், இரண்டு கட்டடத்தையும் ஒன்றோடு ஒன்று இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். புதுசு கொஞ்சம் அமுங்கும், பழசு ஏற்கெனவே அமுங்கி முடித்தது, ஒட்டிக் கட்டினால் சேரும் இடத்தில் கீறல் விடும். பாலத்துக்கு ஒரு பக்கம் நகர இடம் விட்டு வையுங்கள்.

இரண்டாவது விஷயம் ரோடு உயரம். ஒன்றரை அடி பள்ளத்தில் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டு குடியிருக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெரிய மழை பெய்தால் உள்ளே வருவது வெறும் மழைத்தண்ணீர் அல்ல, சாக்கடையும் சேர்ந்து வரும், தைத்து அடுக்கிய சீருடை முழுக்க நாசமாகும். உங்களுக்கு 14 அடி உயரம் இருக்கிறது. கடப்பாக் கல்லைப் பத்திரமாகப் பெயர்த்து எடுத்துவிட்டுத் தரையை இரண்டு அடி உயர்த்துங்கள், அப்படியும் 12 அடி உயரம் இருக்கும். பிறகு அதே கல்லைத் திரும்பப் பதித்துவிடலாம். கழிவுநீர்க் குழாயைப் பாதாளச் சாக்கடையில் சேர்ப்பதானால் தெருச் சேம்பரின் மட்டத்தை முதலில் அளந்துவிடுங்கள், திருப்பி அடிக்காமல் இருக்க ஒரு வழி வால்வும் வேண்டும்.

சுண்ணாம்புக்காரன்:

தம்பி சொன்ன பின்கட்டு யோசனை ரொம்ப நல்ல யோசனை, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தரையை உயர்த்துவதும் உங்கள் இடத்தில் சரிதான், ஆனால் மண்ணைக் கொட்டி உயர்த்தினால் சுவரின் அடி மண்ணுக்குள் போய்விடும், இப்போது நாலடியில் நிற்கும் ஈரம் ஆறடிக்கு ஏறும். அடியில் பெரிய ஜல்லியாக ஒரு அடிக்குப் பரப்பி, அதற்கு மேல் மணல், அதற்கு மேல் சுண்ணாம்புக் கலவையில் கல். ஜல்லிக்கு நடுவில் ஈரம் மேலே ஏற முடியாது. சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு ஜல்லியை மட்டும் மேல்வரை விட்டு, மேலே ஓட்டை போட்ட கல்லால் மூடிவிட்டால் சுவர் மூச்சுவிடும்.

கீழமாசி வீதி:

அக்கா, நாங்கள் மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு பழைய பலசரக்குக் கடையின் மாடியில் குடியிருக்கிறோம், கீழே என் கணவரின் பைண்டிங் வேலை. அதனால் கட்டடத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, குடியிருப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

பஜாரில் விடிகிற நேரம் வேறு. ராத்திரி லாரி வந்து சரக்கு இறக்குவார்கள், நாலு மணிக்கெல்லாம் சுமைதூக்குகிறவர்கள் பேச்சுக் கேட்கும். படுக்கை அறையைத் தெருப்பக்கம் வைக்காதீர்கள், முற்றத்துப் பக்கம் வையுங்கள். தெருப்பக்கம் ஹால் இருக்கட்டும். உங்கள் ஊரில் பக்கத்துக் கிட்டங்கிகளில் இன்னும் வத்தல் வந்து இறங்குமானால் அந்த நெடி தெருப்பக்கம் வரத்தான் செய்யும், யாருக்காவது வீசிங் இருந்தால் ஒரு வாரம் போய்ப் பகலும் இரவும் அங்கே இருந்து பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தெருவே வெறிச்சோடிவிடும், பிள்ளைகள் விளையாடப் பக்கத்தில் வீடு கிடையாது. எங்கள் பெண் சின்னவளாக இருந்தபோது இது பெரிய குறையாக இருந்தது. ஆனால் அப்பாவும் அம்மாவும் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருந்தார்கள், மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம், அதை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாமியாருக்கு மாடி ஏற முடியுமா என்று நீங்கள் எழுதவில்லை. பழைய கட்டடத்துப் படி செங்குத்தாக இருக்கும். கீழேயே பின்பக்கம் ஒரு அறை அவருக்கென்று ஒதுக்கிவிடுங்கள், இப்போது ஏறுகிறார் என்றாலும் ஒதுக்குங்கள். கூடத்துக்கு வருகிறவர்கள் வீட்டுக்குள்ளே புழங்காதபடி மாடிப்படிக்கு ஒரு கதவு போட்டுப் பூட்டு வையுங்கள். வேலை நேரம் முடிந்தால் அந்தக் கதவைச் சாத்த வேண்டும். சாத்தாவிட்டால் ராத்திரி பத்து மணிக்கும் ஒரு ஆள் வந்து பட்டன் தைத்துத் தரச் சொல்லுவார்.

படி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, இதைத் தயவு செய்து கவனியுங்கள். கீழே துணி, நூல், அயர்ன் பாக்ஸ். மேலே தூங்குகிற பிள்ளைகள். இறங்குவதற்கு ஒரே படி, அதுவும் கூடத்துக்குள்ளே இறங்குகிறது என்றால், கீழே ஏதாவது பற்றினால் எங்கே போவீர்கள்? சந்துப் பக்கம் இரண்டாவதாக ஒரு படி கட்டாயம் வேண்டும். முன்பக்க ஷட்டர் மட்டும்தான் வாசல் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், அது கரண்ட் ஷட்டராக இருந்தால் இன்னும் ஆபத்து.

பத்திரப் பார்வை:

கட்டடம் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு செங்கல்லைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இதுதான்.

பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்யப்பட்டதா? வெறும் ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால் போதாது. அத்தைமார்கள் இருந்தால் அவர்கள் கையெழுத்தும் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்று ஆன்லைனில் ஒரு குறிப்பிட்ட வருஷத்திலிருந்துதான் எடுக்கலாம், தாத்தா வாங்கியது அதற்கு முன்னால் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடித்தான் வாங்க வேண்டும். தாய்ப்பத்திரத்தில் பொதுச்சுவர் யாருக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கும், கட்டை முனைகளில் கை வைப்பதற்கு முன்னால் அதைப் படித்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், முடிந்தால் சுவரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பஜார்களில் இன்னொன்றும் உண்டு. கட்டடம் நம்முடையதாக இருக்கும், அடிமனை கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தமாக இருக்கும், காலங்காலமாகப் பகுதி, அதாவது மனை வாடகை, கட்டி வருவார்கள். கோயில் இடத்தை அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் வாங்கவோ விற்கவோ முடியாது. பட்டா யார் பெயரில் இருக்கிறது, நகரளவைப் பதிவேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு, தண்ணீர் வரி எல்லாவற்றையும் உங்கள் கணவர் பெயருக்கு மாற்றுங்கள். சொத்து வரி முழுக்க வணிகக் கட்டடம் என்று போட்டிருப்பார்கள். குடியேறியதும் மாடியைக் குடியிருப்பு என்று மாற்றித் தர மனுக் கொடுங்கள், வரி குறையும். மின்சாரமும் அப்படித்தான், வீட்டுக்கும் கூடத்துக்கும் தனித்தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். ஒரே இணைப்பில் இரண்டையும் ஓட்டினால் வீட்டுக்கு உள்ள இலவச யூனிட்டும் போகும், வீட்டு இணைப்பில் தையல் மெஷின் ஓடுவதைப் பிடித்தால் அபராதமும் கட்ட வேண்டும். பழைய மரப்பட்டி ஒயரிங் இருந்தால் ஒரு அடிகூட மிச்சம் வைக்காமல் கழற்றி எறிந்துவிட்டுப் புது எர்த்தோடு போடுங்கள்.

ஒட்டுப்போடுவது, பூச்சு, தட்டோடு மாற்றுவது இவற்றுக்கு அனுமதி வேண்டியிருக்காது. பின்னால் கட்டும் புதுக் கட்டடத்துக்கு நகராட்சி அனுமதி கட்டாயம். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டச் சுயசான்று முறை வந்திருக்கிறது, ஆனால் அது வீடுகளுக்கானது, தையல் கூடமும் சேரும்போது செல்லுமா என்று நகராட்சியில் கேட்டுவிட்டு மேலே போங்கள். வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால் இதையெல்லாம் முடித்துவிட்டுப் போங்கள். காகிதத்தில் கிட்டங்கி என்று இருக்கும்வரை வீட்டுக் கடன் என்று பேசவே மாட்டார்கள், சொத்து அடமானக் கடன் என்று அதிக வட்டிக்குத் தள்ளிவிடுவார்கள்.

தையற்கூடம்:

எல்லோருக்கும் மனசு நிறைந்த நன்றி. இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, என் கணவரை உட்கார வைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். பாகப்பிரிவினை பதிவு செய்ததுதான், இரண்டு அத்தைகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அடிமனை எங்களுடையதா என்று மாமியாரைக் கேட்டால் நம்முடையதுதான் என்கிறார், ஆனாலும் பதிவேட்டில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மாமியாருக்கு முட்டி வலி உண்டு, கீழ் அறையை நான் யோசிக்கவே இல்லை அக்கா, நல்லவேளை சொன்னீர்கள்.

சுண்ணாம்பு வேலைக்கு ஆள் எங்கே தேடுவது? அந்த வயதான கொத்தனார் தனக்குக் கை நடுங்குகிறது, ஆனால் கூட நின்று சொல்லித் தருகிறேன் என்கிறார். இன்னொன்று, உள்ளே நுழைந்தாலே வத்தல் நெடியில் இருமல் வருகிறது, பரண் முழுக்கத் தூசி, ஒரு மூலையில் உரக்கடைக்காரர் விட்டுப்போன டப்பாக்கள் சில கிடக்கின்றன. வருகிற ஞாயிறு நாங்களே போய்க் கூட்டி அள்ளலாம் என்று இருக்கிறோம். மழைக்கு முன்னால் எதை முடிக்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்?

சைட் இன்ஜினியர்:

மேடம், ஞாயிறு வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். உரக்கடை என்றால் பூச்சிமருந்தும் விற்றிருப்பார்கள். அந்தக் காலத்தில் தானியக் கிட்டங்கிகளில் பி.எச்.சி. பவுடரைச் சுவரோரமெல்லாம் தூவுவது சாதாரணம், அதை 1997-ல் தடை செய்தார்கள், ஆனால் தூவிய பவுடர் தூசியோடு தூசியாகப் பரணில் இன்னமும் இருக்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். சாதாரணத் துணி முகமூடி போதாது, என்95 வேண்டும், கையுறை வேண்டும். அந்த டப்பாக்களைத் திறக்கவும் வேண்டாம், தண்ணீர் படவும் விடாதீர்கள், வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஏதாவது அதில் மிச்சம் இருந்தால் ஈரம் பட்டதும் விஷவாயு வரும். டப்பாக்களைப் படம் எடுத்து வேளாண்மை அலுவலகத்தில் காட்டி, எப்படி அப்புறப்படுத்துவது என்று கேளுங்கள். அவை போன பிறகு மற்ற இடத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துத்தான் கூட்ட வேண்டும், காய்ந்த தூசியைக் கிளப்பாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கவோ உடைக்கவோ கூடாது, நனைத்துவிட்டு ஆணியைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்காரன்:

அம்மா, அந்தக் கொத்தனாரை விட்டுவிடாதீர்கள். கை நடுங்கினால் என்ன, கலவை பதம் பார்க்கக் கண்ணும் விரலும் போதும். இரண்டு இளம் ஆட்களை அவரிடம் விட்டு அவருக்கு ஒழுங்கான தினக்கூலி கொடுங்கள். செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், காரை அடிக்க மட்டும் அங்கிருந்து ஆள் வரவழைக்கலாம்.

சுண்ணாம்பை இப்போதே வாங்கி நீற்றித் தொட்டியில் தண்ணீருக்கு அடியில் போட்டு வையுங்கள், எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. பூச்சுக்கு ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல் அல்லது கழுவிய எம்.சாண்ட். அவசரப்பட்டுச் சிமெண்ட் கலக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் இறுகும், ஒவ்வொரு பூச்சுக்கும் நாள் கொடுக்க வேண்டும், நாள்தோறும் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

மழைக்கு முன்னால் மூன்று வேலை போதும். கெட்ட முனைகளுக்கு அடியில் முட்டு, இரும்பு முட்டோ சவுக்குக் கட்டையோ. மொட்டை மாடித் தண்ணீரைப் பின்சுவரிலிருந்து விலக்கி ஒரு குழாய், தற்காலிகமாக பி.வி.சி. போதும். ஒழுகும் இடத்தின் மேல் இந்த ஒரு மழைக்கு மட்டும் தார்ப்பாய். அதற்குள் சிமெண்ட் பூச்சையும் கொத்தி எடுத்துவிட்டால் சுவர் காயத் தொடங்கிவிடும். காரை, தரை, பின்கட்டு எல்லாம் தை பிறந்த பிறகு வெயிலில் செய்வதுதான் நல்லது, அதற்குள் உங்கள் காகித வேலையும் முடிந்திருக்கும். பரணைச் சுத்தம் செய்த பிறகு கட்டை முனைகளைத் தட்டிப் பார்த்து, சாக்பீஸ் போட்ட பிறகு சுவர் சுவராகப் படம் எடுத்து இங்கே போடுங்கள். சேனல் போதுமா, ஐ பீம் வேண்டுமா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.